ஏழை சொல்லும் வேற்றிட வாதமும்

“எங்கப்பன் குதிருக்குள் இல்லை” என்னும் பழமொழியை அறியாத தமிழர் இலர். கடன் கொடுத்தவன் வாயிலில் வந்து நின்று, “உன் அப்பன் எங்கே?” என்று வினவுகிறான். தகப்பன் சொல்லிக்கொடுத்த பாடத்தைச் சற்றே மிகைப்படுத்திவிட்ட சிறுபிள்ளை, அப்பன் குதிருக்குள் இல்லை என்று விடை பகர்கிறது. இதனைக் கூறி நாம் நகைக்கிறோம். ஆயினும் இந்நகைப்பின் அடியில், உலகத்து நியாயஸ்தலங்களெல்லாம் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினா ஒன்று கிடக்கிறது. குறித்த வேளையில் குறித்த மனிதன் எங்கே இருந்தான்? அவன் இங்கில்லை என்று சொல்பவர் யார்? அவர் சொல்லை நம்புவதா, தள்ளுவதா?

குற்றஞ் சாட்டப்பட்ட ஒருவன், “குற்றம் நடந்த வேளையில் நான் அவ்விடத்தில் இல்லை, வேறிடத்தில் இருந்தேன், ஆகவே அதனை நான் செய்திருக்க முடியாது” என்று கூறும் எதிர்வாதத்தை ஆங்கிலச் சட்டத்தார் ‘அலிபி’ என்பர். லத்தீன் மொழியில் ‘வேறிடத்தில்’ என்று மட்டுமே பொருள்படும் எளிய சொல் அது. தமிழில் அதனை வேற்றிட வாதம் எனலாம். ஒரு மனிதன் ஒரே வேளையில் ஈரிடத்தில் இருத்தல் இயலாது என்னும் உலகறிந்த உண்மையே இவ்வாதத்தின் அடிப்படை. படித்தவன், படியாதவன், செல்வன், வறியன் ஆகிய யாவர்க்கும் பொதுவான உண்மை அது. அங்ஙனமாயின் அதனால் விளையும் பாதுகாப்பும் யாவர்க்கும் பொதுவாக இருந்திருத்தல் வேண்டும். இருந்ததா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

மதுரையில் கேட்கப்படாத வினா

தமிழ்மக்கள் பெரிதும் போற்றும் சிலப்பதிகாரம் ஒரு கொலைவழக்கின் கதை என்பதை நாம் பல சமயங்களில் மறந்துவிடுகிறோம். கோவலன் புகார் நகரத்து வணிகன். மனைவியோடும் கவுந்தியடிகளோடும் கால்நடையாக வந்து மதுரையின் புறஞ்சேரியை அடைகிறான். கவுந்தியடிகள் அவ்விருவரையும் மாதரி என்னும் ஆயர் மூதாட்டியிடம் ஒப்புவிக்கிறார். பின்னர்க் கோவலன் ஒற்றைச் சிலம்பை விற்கக் கடைவீதிக்குச் செல்கிறான். அங்கே அவன் கண்ட அரண்மனைப் பொற்கொல்லன், கோப்பெருந்தேவியின் சிலம்பை ஏற்கெனவே திருடி ஒளித்து வைத்திருப்பவன். தன் களவு வெளிப்படுமுன் அப்பழியை இப்புதியவன் தலையில் ஏற்றிவிடலாம் என்று அவன் துணிகிறான்.

இங்கே கேட்கப்படவேண்டிய வினா ஒன்றே ஒன்று. அரசியின் சிலம்பு காணாமற்போனது எப்போது? அன்று இம்மனிதன் எங்கே இருந்தான்? இவ்வளவு கேட்டிருந்தால் வழக்கு ஒரு நாழிகையில் முடிந்திருக்கும். களவு நடந்தபோது கோவலன் மதுரையில் இல்லை. அவன் புகாரிலோ வழியிலோ இருந்தான் என்பதற்குக் கவுந்தியடிகள் சாட்சி. அவன் ஊருக்குப் புதிதாக வந்தவன் என்பதற்கு மாதரி சாட்சி. ஆனால் அரசன் விசாரணை செய்தானில்லை. அரசியின் ஊடலைத் தீர்க்கும் விரைவில் இருந்த அவன், சிலம்பு அக்கள்வன் கையிலிருந்தால் அவனைக் கொன்று கொண்டுவருக என்று காவலரை ஏவிவிட்டான்.

காவலர் சிலர் கோவலனைப் பார்த்து, இவன் முகம் கள்வன் முகம் அன்று என்று தயங்கியதாகக் கதை கூறுகிறது. அப்போது பொற்கொல்லன் செய்த பிரசங்கத்தை நாம் ஊன்றி நோக்கவேண்டும். கள்வர்க்கு மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டுத் துணைகள் உண்டென்கிறான். மந்திரத்தால் அவர்கள் கண்ணுக்குப் புலனாகாமல் மறைவர். மருந்தால் மயக்குவர் என்றெல்லாம் அடுக்குகிறான். இப்பேச்சின் பயன் யாது? மனிதன் மறையவும் தோன்றவும் வல்லன் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டுவிட்டால், “நான் அங்கே இல்லை” என்னும் சொல்லுக்கு மதிப்பே இல்லாமற் போகிறது. வேற்றிட வாதம் நிற்பது இயற்கை விதியின்மேல். மூடநம்பிக்கை அவ்விதியையே அழித்துவிடுகிறது. பில்லி, சூனியம், ஏவல் ஆகியவற்றை நம்பும் ஊரில் நிரபராதிக்குப் புகலிடம் இல்லை. சூனியக்காரி என்று ஒருத்தியைக் குற்றஞ் சாட்டும் கூட்டத்திடம், “நான் அன்றிரவு பக்கத்து ஊரில் இருந்தேன்” என்று அவள் சொல்லி என்ன பயன்? இருந்த இடத்திலிருந்தே ஏவிவிட்டாள் என்பார்கள்.

கோவலன் வாய்திறக்க இடமே இல்லை. கல்லாதவனும் களித்தவனுமாகிய ஒரு காவலன் வாளை வீசினான். பின்னர்க் கண்ணகி அரசவையில் வழக்காடியபோதும் வேற்றிட வாதத்தை எடுத்தாளவில்லை. சிலம்பின் உள்ளே இருக்கும் பரல் மாணிக்கமா, முத்தா என்னும் பொருட்சான்றைக் கொண்டே வென்றாள். ஆளைப்பற்றிய சாட்சியம் கேட்கப்படாத இடத்தில் பொருளைப்பற்றிய சாட்சியம் வந்துதான் உண்மையை நாட்டவேண்டியிருந்தது. ஆனால் அதற்குள் ஆள் இல்லை.

சட்டம் கண்ட வழி

இவ்வினாவைக் கேட்கவேண்டும் என்பதைப் பழைய இந்தியா அறியாமல் இல்லை. மைசூர் சாமசாஸ்திரியார் 1909ல் அச்சிட்டு வெளிப்படுத்திய கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம், சந்தேகத்தின்பேரில் பிடிபட்டவனை முந்தின நாள் என்ன செய்தான், பிடிபடும்வரை இரவை எங்கே கழித்தான் என்று கேட்கவேண்டும் என விதிக்கிறது. அவன் சொன்னதைச் சாட்சிகள் உறுதிசெய்தால் அவன் குற்றமற்றவன். குற்றம் நடந்து மூன்று நாளாகிவிட்டால் வெறுஞ்சந்தேகத்தால் ஒருவனைப் பிடித்தலாகாது என்றும் அந்நூல் கூறுகிறது. நாள் கடந்தால் நினைவு மங்கும் என்பதை அறிந்த விதி அது. ஆனால் அதே நூல், சாட்சி கிட்டாதவனைச் சித்திரவதை செய்து வாக்குமூலம் பெறவும் இடங்கொடுக்கிறது. பிராமணனுக்கு மட்டும் அச்சித்திரவதையிலிருந்து விலக்கு அளிக்கிறது. வினா பொதுவாயிற்று; விடை தர இயலாதவன் படும் பாடு மட்டும் குலத்துக்கு ஒன்றாயிற்று.

வெள்ளையர் ஆட்சியில் ஸ்டீபன் என்பார் வகுத்த 1872ம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம் இப்பொருளைத் தெளிவாகச் சொல்லிற்று. அதன் 11ம் பிரிவில் ஓர் உதாரணம் உண்டு. ஒருவன் கல்கத்தாவில் குற்றம் செய்தானா என்பது வினா; அன்று அவன் லாகூரில் இருந்தான் என்பது கருதத்தக்க சாட்சியம். நாடு பிரிந்து லாகூர் அயல்நாடாகிவிட்ட பின்னும் இவ்வுதாரணம் நெடுநாள் நின்றது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய இந்தியச் சட்டம் கல்கத்தாவைச் சென்னையாகவும் லாகூரை லடாக்காகவும் மாற்றியிருக்கிறது. மற்றோர் உதாரணம் 103ம் பிரிவில் உண்டு: தான் வேறிடத்தில் இருந்ததாகக் கோர்ட்டு நம்பவேண்டும் என்று விரும்புபவன் அதனைத் தானே நிரூபிக்கவேண்டும். 1893ல் இச்சட்டத்தையே முன்மாதிரியாகக் கொண்டு நீரிணைக் குடியேற்ற நாடுகளுக்குச் சாட்சியச் சட்டம் பிறந்தது. மலாக்கா அந்நாடுகளுள் ஒன்று. ஆகவே சென்னை மாகாணத்துக் கிராமத்திலிருந்து கப்பலேறிய தமிழன் மலாக்காவில் இறங்கியபோது, அவன் விட்டுவந்த சட்டமே அவனை எதிர்கொண்டது.

இன்றைய மலேசியாவில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 402ஏ பிரிவின்படி, வேற்றிட வாதம் செய்ய விரும்புபவன் அதனை முன்கூட்டியே எழுத்து மூலம் அரசாங்க வழக்கறிஞருக்கு அறிவிக்கவேண்டும். இருந்த இடத்தையும் சாட்சிகளின் பெயர் முகவரிகளையும் குறிக்கவேண்டும். கடைசி வேளையில் பொய்ச்சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்துவதைத் தடுப்பதே இதன் நோக்கம், நியாயமான நோக்கமே. ஆனால் எதிரி தன் இடத்தைக் குறிக்கவேண்டுமானால் குற்றச்சாட்டு தன் நாளைக் குறிக்கவேண்டும் அன்றோ? அன்வார் இப்ராகிம் மீது தொடரப்பட்டு 2000 ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் தண்டித்த வழக்கில், குற்றம் நடந்ததாகக் கூறப்பட்ட காலம் முதலில் 1994 மே எனவும், பின்னர் 1992 மே எனவும், இறுதியில் 1993 ஜனவரி முதல் மார்ச்சு வரையில் ஓர் இரவு எனவும் மாறிற்று. ஒரு நாளுக்கன்று, மூன்று மாதத்துக்கு விடை சொல்லவேண்டிய நிலை எதிரிக்கு நேர்ந்தது. 2004 செப்டம்பரில் கூட்டரசு நீதிமன்றம் அத்தண்டனையைத் தள்ளி அவரை விடுவித்தது. துணைப்பிரதமராக இருந்து, நாட்குறிப்பும் செயலாளரும் பேர்பெற்ற வழக்கறிஞரும் உடையவர்க்கே இப்பாடு எனில், நாட்குறிப்பு இல்லாதவன் பாடு எத்தகையது?

அந்நியன் சாட்சி

மேல்நாட்டார் வழக்குகளும் இதற்கு விடை கூறுகின்றன. அடால்ப் பெக் என்னும் நார்வே நாட்டவரை, பெண்களை ஏமாற்றி நகை பறித்ததாக 1896ல் லண்டன் கோர்ட்டு தண்டித்தது. 1877ல் அதே முறையில் குற்றம் செய்து சிறைசென்ற ஸ்மித் என்பவனே இவர் என்று போலீசார் கருதினர். 1877ல் பெக் தென்னமெரிக்காவில் இருந்தார். இரண்டு காலத்துக் கடிதங்களையும் எழுதியது ஒரே கை என்பது நிபுணர் கருத்தாதலின், அந்த ஒரு செய்தி நிலைநின்றால் வழக்கு முழுவதும் சரிந்திருக்கும். ஆனால் நீதிபதி, பழைய வழக்கு இப்போது விசாரணையில் இல்லை என்று சொல்லி அச்சாட்சியத்தைக் கேட்க மறுத்துவிட்டார். பெக் சிறையிருந்து வெளிவந்த பின் 1904ல் மறுபடியும் பிடிபட்டு மறுபடியும் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். அவ்வாண்டே மெய்யான ஸ்மித் அகப்பட்டான். இதனால் எழுந்த கொந்தளிப்பின் பயனாக 1907ல் இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நியாயஸ்தலம் அமைந்தது.

அமெரிக்காவில் நடந்தது இதனினும் கொடிது. பார்த்தலோமியோ வான்செட்டி இத்தாலியிலிருந்து குடியேறிய தொழிலாளி. மீன் விற்றுப் பிழைத்தவர். 1919 டிசம்பர் 24ல் பிரிட்ஜ்வாட்டர் நகரில் நடந்த கொள்ளை முயற்சியில் அவர் இருந்ததாகக் குற்றச்சாட்டு. அன்று கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். இத்தாலியர் அன்று விலாங்குமீன் உண்பது வழக்கம். பிளிமத் நகரில் வீடுவீடாகத் தாம் விலாங்குமீன் விற்றதாக வான்செட்டி கூறினார். வாங்கிய இத்தாலியர் பலர் வந்து ஆமென்றனர். கூடை சுமந்து உடன்சென்ற சிறுவனும் சாட்சி சொன்னான். பண்டிகை நாளாகையால் நாள் மறந்துபோக நியாயமில்லை. இருந்தும் ஜூரர்கள் அவரைக் குற்றவாளி என்றனர். மொழிபெயர்ப்பாளர் வாயிலாகப் பேசிய ஏழைக் குடியேறிகளின் சொல் அவர்கள் செவியில் ஏறவில்லை.

வான்செட்டியும் அவர் தோழர் நிக்கோலா சாக்கோவும் 1920 ஏப்ரல் 15ல் நடந்த வேறொரு கொலைக்காகவும் விசாரிக்கப்பட்டனர். அன்று தாம் பாஸ்டன் நகரத்து இத்தாலியத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டுக்காக நின்றதாகச் சாக்கோ கூறினார். அளவுக்கு மிஞ்சிய பெரிய படத்தைக் கொண்டுவந்தவர் என்பதால் அவரை நினைவிருப்பதாகத் தூதரகக் குமாஸ்தாவும் வாக்குமூலம் அளித்தார். அதுவும் போதவில்லை. இருவரும் 1927 ஆகஸ்டு 23ல் மின்நாற்காலியில் கொல்லப்பட்டனர். ஐம்பதாண்டு கழித்து 1977ல் மாசசூசெட்ஸ் கவர்னர், அவர்களுக்கு நேர்மையான விசாரணை கிட்டவில்லை என்று அறிக்கை வெளியிட்டார்.

கோவலன், பெக், சாக்கோ, வான்செட்டி ஆகியோரிடம் நாம் காணும் பொதுத்தன்மை ஒன்றுண்டு. நால்வரும் புதிய ஊரில் புதியவர்கள். வேற்றிட வாதத்துக்கு வேண்டுவது உண்மை மட்டுமன்று; கோர்ட்டு மதிக்கும் சாட்சியும் வேண்டும். புதியவனை அறிந்தவர் அவனைப் போன்ற புதியவரே. மனைவி சொன்னால் பந்துவின் சாட்சியம் என்பர். நண்பன் சொன்னால் கூட்டாளி என்பர். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது ஊர்ப் பஞ்சாயத்துக்கு மட்டுமன்று, உலகத்து நியாயஸ்தலங்களுக்கும் பொருந்தும்.

பெரட்டுக் களமும் செக்ரோலும்

இனி நம்மவர் கதைக்கு வருவோம். மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத்தில் டுரியான் துங்கால் என்னும் ஊர் உண்டு. ஒற்றை டுரியான் மரம் என்பது அப்பெயரின் பொருள். மலாயாவில் ரப்பர்த் தோட்டத் தொழிலுக்கு முதல் வித்து ஊன்றப்பட்டது இம்மலாக்காவில்தான். 1896ல் டான் சே யான் என்னும் சீனச் செல்வர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் டுரியான் துங்கால் முதலிய ஊர்களைச் சூழ்ந்த நிலங்களிலும் பால்மரங்கள் நிறைந்தன; அவற்றை வெட்டத் தமிழர் வந்தனர்.

தோட்டத்து வாழ்க்கையில் ஒருவன் எங்கே இருக்கிறான் என்பதே முதல் வினா. விடியுமுன் மணி அடிக்கும். ஆணும் பெண்ணும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்பர். கங்காணி அருகிருக்கக் கிராணி செக்ரோல் புத்தகத்தைப் பிரித்துப் பெயர் கூப்பிடுவார். பெயர் விழுந்தால் அன்றைய கூலி உண்டு, விழாவிட்டால் இல்லை. தொழிலாளி காலையில் நின்ற இடம், வெட்டிய நிரை, கொணர்ந்த பாலின் எடை யாவும் எழுத்தில் ஏறும். ஆனால் அவ்வெழுத்து அவனுடையதன்று. புத்தகம் ஆபீசில், கடிகாரமும் ஆபீசில். தான் இன்ன வேளையில் இன்ன இடத்தில் இருந்ததாக அவன் நாட்டவேண்டுமானால் கிராணியின் கையெழுத்தையே நம்பியிருக்கவேண்டும். பிராது கொடுத்தவரே தோட்டத்தார் எனில் அப்புத்தகம் அவனுக்காக எங்ஙனம் பேசும்?

இதனினும் ஆழமான அநீதி ஒன்றுண்டு. 1910ல் ஒழிக்கப்படும்வரை நடந்த ஒப்பந்தக் கூலி முறையில், அநுமதியின்றி வேலைக்கு வராமையும் தோட்டத்தை விட்டு நீங்குதலும் தண்டனைக்குரிய குற்றங்களாக இருந்தன. பிறர் எல்லோர்க்கும் “நான் வேறிடத்தில் இருந்தேன்” என்பது விடுதலை தரும் சொல். ஒப்பந்தக் கூலிக்கோ அச்சொல்லே குற்ற ஒப்புதல். நோயால் லயத்தில் படுத்துக் கிடந்தாலும், பக்கத்துத் தோட்டத்தில் செத்துப்போன தமையன் முகம் பார்க்கப் போயிருந்தாலும், மரத்தடியில் இல்லாமையே அவன் செய்த பிழை. ஒரு மனிதன் வேறிடத்தில் இருக்கும் உரிமையையே இழந்த நிலைக்கு அடிமைத்தனம் என்பதன்றி வேறு பெயர் யாது?

1948 ஜூனில் அவசரகாலம் பிறந்தபின் அதே வினா துப்பாக்கியோடு வந்தது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட யாவரும் அடையாளச் சீட்டு வைத்திருக்கவேண்டும் என்ற விதி அவ்வாண்டு தோன்றியதே. ஊரடங்கு வேளையில் எங்கிருந்தாய், காட்டோரத்துக்கு ஏன் போனாய் என்னும் கேள்விகளுக்கு விடை சொல்லவேண்டியவன் காட்டோரத்திலேயே வேலை செய்பவன். இன்று அத்தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் செம்பனையாகியும் வீட்டுமனையாகியும் விட்டன. டுரியான் துங்காலில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒன்று நிற்கிறது. தோட்டத்துப் பேரப்பிள்ளைகள் தொழிற்சாலை வாயிலில் அட்டையைத் தட்டிச் செல்கிறார்கள். அட்டைக் கணக்கும் கேமராப் படமும் கைப்பேசித் தடமும் இக்காலத்துச் செக்ரோல்கள். அவையும் பெரும்பாலும் பிறர் வசமே இருக்கின்றன.

அங்கே இல்லாத முதலாளி

தொழிலாளி வேறிடத்தில் இருந்தால் குற்றவாளியாகிய அதே தோட்டத்தில், எப்போதும் வேறிடத்திலேயே இருந்த ஒருவர் உண்டு. அவர் முதலாளி. கத்ரி, ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்பீல்டு, டன்லப் போன்ற பெருங்கம்பெனிகளின் டைரக்டர்கள் லண்டனில் இருந்தனர். பங்குதாரர்களோ தோட்டத்தைப் படத்தில் கண்டவர்கள். லயத்தில் குழந்தை காய்ச்சலால் இறந்தாலும், கூலி குறைந்தாலும், மேல்துரை கம்பெனிக்கு எழுதவேண்டும் என்பார். கம்பெனி, அங்குள்ள நிலைமை அங்குள்ளோர்க்கே தெரியும் என்னும். யாரைக் கேட்டாலும் அவர் அங்கே இல்லை. சட்டப்புத்தகத்தில் இடம்பெறாத இவ்வேற்றிட வாதத்தை எந்த நியாயஸ்தலமும் சோதித்ததில்லை.

ஆனால் அவ்விடத்தில் இல்லாமை எல்லாப் பொறுப்பையும் போக்கிவிடாது என்பதைச் சட்டமே ஒப்புகிறது. 1944 நவம்பர் 8ல் சென்னை வேப்பேரியில் ‘இந்து நேசன்’ பத்திராசிரியர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். இவ்வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் எதிரிகளாக நிறுத்தப்பட்டனர். அவர்கள் கத்தி எடுத்தார்கள் என்பதன்று குற்றச்சாட்டு. கொலைக்குச் சதி செய்தார்கள் என்பதே. சதி வழக்கில், குத்து விழுந்த வேளையில் நான் வேறிடத்தில் இருந்தேன் என்பது முழு விடையாகாது. ஏவியவன் தொலைவில் இருக்கலாம். ஏவல் உண்டா என்பதே வினா. 1945 மே மாதத்தில் அவர்கள் தண்டிக்கப்பட்டனர்; பிரிவி கவுன்சில் வரை சென்ற வழக்கு மீண்டும் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவரென விடுதலை அடைந்தனர். அவர்கள் நிரபராதிகளே. ஆயினும் வழக்கு எழுந்த முறையில் ஒரு பாடம் உண்டு. கூத்தாடிப் புகழ்பெற்ற இருவரைத் தொலைவில் இருந்து ஏவியதாகக் கூண்டில் ஏற்றி விசாரிக்கத் தெரிந்த சட்டத்துக்கு, தொலைவில் இருந்து ஆயிரம் குடும்பங்களின் வாழ்வை ஆண்டவர்களைக் கேட்கத் தோன்றவில்லை.

கதையிலும் படத்திலும்

பொதுமக்கள் வேற்றிட வாதத்தை அறிந்தது பெரும்பாலும் கதைகளால். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோரின் துப்பறியும் நாவல்களைத் தமிழர் விரும்பிப் படித்தனர். மேல்நாட்டில், ரயில்வே எஞ்சினீயராக இருந்த பிரீமன் வில்ஸ் கிராப்ட்ஸ் என்பார், ரயில் அட்டவணையைக் கொண்டு கொலைகாரனின் வேற்றிட வாதத்தை உடைக்கும் கதைகளை எழுதிப் புகழ்பெற்றார். அகதா கிறிஸ்டியின் 1926ம் ஆண்டு நாவல் ஒன்றில், இறந்துபோனவரின் குரலை ஒலிப்பதிவுக் கருவி பேசவைத்து நேரத்தை மாற்றுகிறது. இக்கதைகளில் பழுதற்ற சாட்சியம் வைத்திருப்பவனே சந்தேகத்துக்குரியவன். உலகத்திலோ, அத்தகைய சாட்சியம் வைத்திருப்பவன் கோர்ட்டுக்கே வருவதில்லை.

2015ல் வெளிவந்த ‘பாபநாசம்’ என்னும் படம், மலையாளத்து ‘திருசியம்’ படத்தின் தமிழ் வடிவம். அதில் பள்ளிப்படிப்பு நிரம்பாத, கேபிள் தொழில் நடத்தும் ஒருவன், தன் குடும்பத்தைக் காக்க வேற்றிட வாதம் ஒன்றைக் கட்டுகிறான். பஸ் சீட்டு, உணவுவிடுதிச் சீட்டு, சினிமாச் சீட்டு ஆகியவற்றைச் சேர்க்கிறான். கண்டவர்களிடம் திரும்பத் திரும்பப் பேசி நாளையே மாற்றி அவர்கள் நினைவில் பதியவைக்கிறான். அது பொய். இருந்தும் மக்கள் அவன் பக்கம் நின்று பார்த்தனர். காரணம் யாது? அதிகாரத்தின் முன் எளியவன் சொல் ஒருமுறையாவது நின்றது என்பதே அவர்கள் கண்ட மகிழ்ச்சி என்று நாம் எண்ணுகிறோம்.

அதே ஆண்டில் வெனிஸ் விழாவில் காட்டப்பட்டு 2016ல் தமிழ்நாட்டில் திரையிடப்பட்ட ‘விசாரணை’ அதன் மறுபக்கம். கோவையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரும் எழுத்தாளருமான மு. சந்திரகுமார், 1983ல் ஆந்திரத்துக் குண்டூரில் தாம் பட்டதை எழுதிய ‘லாக்கப்’ என்னும் நூலே அதன் மூலம். பிழைக்கப்போன தமிழ் இளைஞர்கள் பூங்காவில் படுத்துறங்குகிறார்கள். அவர்களை யாரும் அறியார். அறிந்தவரும் அவர்களைப் போன்றவரே. செய்யாத களவை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கப்படுகிறார்கள். நீ எங்கிருந்தாய் என்னும் வினாவையே அவர்களிடம் யாரும் மெய்யாகக் கேட்பதில்லை. விடை முன்னரே எழுதப்பட்டிருக்கிறது. மதுரைக் கடைவீதியில் நின்ற புதியவனின் கதை குண்டூரில் மறுபடியும் நடந்தது.

பேச்சுவழக்கும் விதியும்

ஆங்கிலப் பேச்சுவழக்கில் ‘அலிபி’ என்னும் சொல் சாக்கு என்னும் பொருளுக்கு இறங்கிவிட்டது. 1915ல் ரிங் லார்ட்னர் என்னும் அமெரிக்கர் எழுதிய கதை ஒன்றில், பந்தைப் பிடித்தாலும் தவறவிட்டாலும் ஒரு காரணம் சொல்லும் ஆட்டக்காரனுக்கு அச்சொல்லே பட்டப்பெயராகிறது. நம்மிடத்தும் நொண்டிச்சாக்கு, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றது முதலிய வழக்குகளுக்குக் குறைவில்லை. மலேசியாவில் வேலைக்குப் போகாதவன் கிளினிக்கில் வாங்கும் எம்.சி. சீட்டும் ஒருவகை அலிபியே. ஆனால் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. வேற்றிட வாதம் சோதனைக்குத் தன்னை ஒப்புவிக்கிறது: இடம் இது, நேரம் இது, சாட்சி இவர், போய்க் கேள் என்கிறது. சாக்கோ சோதனைக்கு அஞ்சுகிறது.

அச்சாக்குகளுள் பெரியது விதி. பஞ்சத்தில் மக்கள் மடிந்தால் விதி. பிறப்பால் ஒருவன் தாழ்த்தப்பட்டால் பூர்வஜன்ம கர்மம். தோட்டத்துப் பிள்ளை படிக்காமற் போனால் தலையெழுத்து. செய்தவன் யார் என்று கேட்கப் புகுமுன்பே, செய்தவன் இவ்வுலகிலேயே இல்லை என்று விடை வந்துவிடுகிறது. சிலப்பதிகாரத்திலும் இவ்விடை இருக்கிறது. முற்பிறப்பில் பரதன் என்னும் பெயரினனாயிருந்த கோவலன், சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று சொல்லிக் கொல்வித்தான். அவ்வினையே இப்போது வந்து ஊட்டிற்று என்று மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குக் கூறுகிறது. சங்கமனும் வேற்றூரிலிருந்து வாணிகத்துக்கு வந்த புதியவனே என்பதை நாம் கவனிக்கவேண்டும். விசாரணையற்ற ஒரு கொலைக்கு, விசாரணையற்ற இன்னொரு கொலை சமாதானமாகச் சொல்லப்படுகிறது. அரசனும் பொற்கொல்லனும் காவலனும் இவ்விளக்கத்தில் வெறுங் கருவிகளாகி நழுவிவிடுகிறார்கள்.

ஆனால் பாண்டியன் அவ்வழியில் நழுவவில்லை. அவனுக்கு எல்லாச் சாக்கும் இருந்தது. வாள் வீசிய இடத்தில் அவன் இல்லை. பொய் சொன்னவன் அவன் அல்லன். சிலம்பு கையிலிருந்தால் என்றுதானே ஆணையிட்டான். இவற்றுள் ஒன்றையும் அவன் சொல்லவில்லை. தெறித்த மாணிக்கத்தைக் கண்டதும், கள்வன் தானே என்று அவையில் ஒப்புக்கொண்டு அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர்துறந்தான். தெய்வம் பின்னர் எடுத்து நீட்டிய சாக்கை, அரசன் முன்னரே வேண்டாவென்று தள்ளிவிட்டான். அந்நூலில் நாம் போற்றவேண்டிய அரசநீதி இதுவே என்பது நம் கருத்து.

ஆகவே நாம் வேண்டுவது புதிய சட்டம் மட்டுமன்று. எளியவன் ஒருவன், அவ்வேளையில் நான் அங்கே இல்லை என்று சொன்னால், அவன் மொழியையும் உடையையும் பாராமல் எழுந்துபோய் அவன் சொன்ன இடத்தில் விசாரிக்கவேண்டும். அவன் மனைவியும் லயத்து அண்டை வீட்டாரும் சொல்வதையும் சாட்சியம் என்று காது கொடுத்துக் கேட்கவேண்டும். அவன் இருப்பைக் காட்டும் ஏடும் கேமராவும் யாரிடம் இருக்கிறதோ அவர் அதனை மறையாமல் தரவேண்டும். அதிகாரம் உடையவர் அதே சொல்லைச் சொன்னால், ஆணை எங்கிருந்து வந்தது, இலாபம் எங்கே சென்றது என்று கேட்கவேண்டும். இவ்விரு கேள்விகளையும் கேட்கும் வழக்கம் நம் சங்கங்களிலும் பத்திரிகைகளிலும் பள்ளிகளிலும் வேரூன்றுமாயின், மதுரையில் கேட்கப்படாமற் போன வினா இனியேனும் உரிய வேளையில் கேட்கப்படும்.